மகனுக்குக் கீழ்த்தாடை முன்னால் வருகிறது: இப்போதே சிகிச்சையா, 18 வயது வரை காத்திருப்பதா?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. பால்பல் விழுந்து முளைத்த மேல் முன்பற்கள் இரண்டும், வாயை மூடினால் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் போய் உட்காருகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு தெரிகிறது. என் கணவருக்கும் மாமனாருக்கும் இதே வாகு. வீட்டில் "இது எங்க குடும்ப முகம்" என்று சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அவன் இப்போதெல்லாம் போட்டோவுக்கே நிற்பதில்லை.

இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். இருவரும் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவர்கள். ஒருவர், "உடனே ஃபேஸ்மாஸ்க் (மேல்தாடையை முன்னால் இழுக்க முகத்தில் மாட்டும் கருவி) போட வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் குறைந்துவிடும்" என்கிறார். இன்னொருவர், "கீழ்த்தாடை 18 வயது வரை வளரும். இப்போது என்ன செய்தாலும் திரும்ப வரும். வளர்ந்து முடிந்ததும் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம்" என்கிறார். ஒரே பிள்ளை, ஒரே எக்ஸ்ரே. எதை நம்புவது?

வைகை_செல்வன்:

காத்திருங்கள் சகோதரி. என் அக்கா மகனுக்கு ஏழு வயதில் பிளேட் போட்டார்கள், பல் நேராக வந்தது. மீசை அரும்பும் வயதில் மறுபடி தாடை முன்னால் வந்துவிட்டது. பணமும் போச்சு, பிள்ளைக்கும் சலிப்பு.

மதி_பல்சீரமைப்பு:

நான் பல் சீரமைப்பு மருத்துவர். இங்கே யாருக்கும் சிகிச்சை சொல்ல முடியாது, பிள்ளையைப் பார்க்காமல் சொல்லவும் கூடாது. ஆனால் இரண்டு டாக்டர்கள் ஏன் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்பதை விளக்க முடியும். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. முதலாமவர் மேல்தாடையை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார், இரண்டாமவர் கீழ்த்தாடையை.

முகம் முழுவதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மூளையும் அதைச் சுற்றிய மண்டையோடும் ஆறேழு வயதுக்குள் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிடும். உயரம் அப்படியல்ல, பருவ வயதில் ஒரு ஓட்டம் ஓடும். உடம்பின் வெவ்வேறு பாகங்கள் வெவ்வேறு காலத்தில் வளர்வதை அமெரிக்க உடற்கூறியலாளர் ஸ்கேமன் 1930இலேயே வரைகோடுகளாகக் காட்டினார். அந்தக் கோடுகளை வைத்துப் பார்த்தால் மேல்தாடை மண்டையோட்டுக்கு நெருங்கிய சொந்தம். கீழ்த்தாடை உயரத்தோடு சேர்ந்து போகும், அதற்கப்புறமும் கொஞ்சம் வளரும்.

இதனால்தான் காலக்கெடு மாறுகிறது. மேல்தாடை, மண்டையோட்டோடு எலும்புத் தையல்களால் இணைந்திருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தையல்கள் இளக்கமாக இருக்கும், முன்னால் இழுத்தால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பத்து வயதைத் தாண்டத் தாண்ட அவை இறுகும். அப்புறம் இழுத்தால் எலும்பு நகர்வது குறைந்து பல்தான் சாயும். ஆகவே மேல்தாடை குறைவாக வளர்ந்த பிள்ளைக்கு ஃபேஸ்மாஸ்க் வைப்பதானால் அதற்கான வயது இதுதான். கீழ்த்தாடையின் பெரிய ஓட்டமோ இன்னும் தொடங்கவே இல்லை. அதை இன்று யாரும் நிறுத்திவைக்க முடியாது.

எனவே "இப்போதா, பிறகா" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, உங்கள் மகனுக்கு எந்தத் தாடையில் கோளாறு என்பது. மேல்தாடை பின்தங்கியதா, கீழ்த்தாடை மிஞ்சியதா, இரண்டும் கலந்ததா? பக்கவாட்டு எக்ஸ்ரேயில், அதாவது செஃபலோகிராமில், மண்டையோட்டு அடித்தளத்திலிருந்து இரண்டு தாடைக்கும் தனித்தனியாகக் கோணம் அளப்பார்கள். மேல்தாடைக்கு 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80, வித்தியாசம் 2 என்பது ஸ்டெய்னர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் தந்த சராசரி. அது அமெரிக்க வெள்ளையர் முகங்களை வைத்து வந்த கணக்கு. நம் முகங்களில் முன்பற்களும் உதடுகளும் பொதுவாகவே கொஞ்சம் முன்னால் இருக்கும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. கண்ணுக்குக் கீழே, மூக்கின் இரு பக்கமும் முகம் தட்டையாகவோ உள்வாங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மேல்தாடைக் குறைவுக்கான அறிகுறி அது.

அப்புறம், வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். பையனை நிமிர்ந்து உட்காரவைத்து, நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் மடித்துத் தொடச் சொல்லி, அப்படியே மெதுவாகப் பல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். மேல், கீழ் முன்பற்களின் நுனியும் நுனியும் முட்டிவிட்டு, பிறகு தாடை முன்னால் சறுக்கிப் பற்கள் சேர்கின்றனவா? சறுக்கினால் நீங்கள் பார்க்கும் துருத்தலில் ஒரு பங்கு எலும்பில் இல்லை, பல் இடிப்பதால் தாடை ஒதுங்கிப் போகிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

கொங்கு_பல்டாக்டர்:

மதி டாக்டர் சொன்ன அடிப்படை சரி. ஆனால் பெற்றோர் இதைப் படித்துவிட்டு ஃபேஸ்மாஸ்க் போட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நான் பொது பல் மருத்துவர். பாதியில் விட்டவர்களும், முடித்தும் திரும்ப வந்தவர்களும் என்னிடம்தான் முதலில் வருகிறார்கள். அந்தக் கருவியை நெற்றியிலும் முகவாயிலும் பொருத்தி, ரப்பர் மாட்டி, ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் போட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது லேசான காரியமில்லை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருக்கிறது என்றால் மரபு பலமாக இருக்கிறது. முகவாய்க் கிண்ணம் வைத்துக் கீழ்த்தாடையை அடக்கப் பார்த்த ஜப்பானியர்களே, வளர்ச்சி முடிந்த பிறகு பார்த்தால் தொடக்கத்தில் கிடைத்த மாற்றம் நிலைக்கவில்லை என்று 1990இல் எழுதிவிட்டார்கள். காத்திருக்கச் சொன்ன டாக்டர் பிள்ளையை இரண்டு முறை சிகிச்சைக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அதையும் மதிக்க வேண்டும்.

மதி_பல்சீரமைப்பு:

மதிக்கிறேன் டாக்டர். முகவாய்க் கிண்ணம் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது கீழ்த்தாடையை அடக்கும் முயற்சி. ஃபேஸ்மாஸ்க் மேல்தாடையை இழுக்கும் முயற்சி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

பிரிட்டனில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஃபேஸ்மாஸ்க் கொடுத்தும் மறு பகுதிக்குக் கொடுக்காமலும் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2016இல் வந்தது. ஆறாம் ஆண்டில் எலும்பு அளவுகளில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது உங்கள் பக்கம் பேசுகிறது. ஆனால் தாடை அறுவை சிகிச்சை தேவை என்று நிபுணர் குழு கருதியவர்கள் ஃபேஸ்மாஸ்க் போட்டவர்களில் 36 சதவீதம், போடாதவர்களில் 66 சதவீதம். சின்ன ஆய்வுதான், பிள்ளைகள் வளர்ந்து முடியும் முன்பே எடுத்த கணக்குதான். இருந்தாலும் அந்த இடைவெளியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. பெற்றோரிடம் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: போட்டவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆபரேஷன் தேவைப்படும் நிலைக்கு வந்தார்கள்.

மரபைப் பற்றி: அது பலமானதுதான். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அந்தத் தாடையை ஓவியங்களிலேயே பார்க்கலாம். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் நான் பிள்ளையோடு அப்பா, அம்மா, முடிந்தால் தாத்தாவையும் வரச் சொல்லிப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்ப்பேன். எக்ஸ்ரே சொல்லாததை அப்பாவின் முகம் சொல்லும். ஆனால் குடும்ப முகம் என்பது சிகிச்சையைக் கைவிடக் காரணமில்லை, எவ்வளவு வாக்குறுதி கொடுக்கலாம் என்பதற்கான எல்லை.

முதுநிலை_இரண்டாமாண்டு:

மேடம், ஒரு சந்தேகம். எங்கள் துறையில் எந்தப் பிள்ளை வந்தாலும் வளர்ச்சி எவ்வளவு பாக்கி என்று அறியக் கழுத்தெலும்பு நிலை பார்த்து எழுதச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு எடுத்த மணிக்கட்டு எக்ஸ்ரே இப்போது எடுப்பதே இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்குக் கழுத்தெலும்பைப் பார்த்து என்ன முடிவு எடுக்க முடியும்? அப்புறம், தாடை வளர்ச்சியை ஆராய்ந்த பியோர்க், எக்ஸ்ரேயில் பார்க்கச் சொன்ன ஏழு அடையாளங்களை வைத்து கீழ்த்தாடை எந்தப் பக்கம் சுழலும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

மதி_பல்சீரமைப்பு:

நல்ல கேள்வி. மற்றவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தாடையோடு கழுத்தெலும்புகளும் விழும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எலும்புகளைப் பார்ப்போம். சின்னப் பிள்ளைக்கு மூன்றின் அடிவிளிம்பும் தட்டையாக இருக்கும். வளர வளர முதலில் இரண்டாவதில் ஒரு குழிவு விழும், அப்புறம் மூன்றாவதில், பிறகு நான்காவதில். எலும்பின் உருவமும் சரிவான கட்டையிலிருந்து படுத்த செவ்வகமாகி, சதுரமாகி, கடைசியில் நிமிர்ந்த செவ்வகமாகும். இதை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கீழ்த்தாடையின் உச்ச வளர்ச்சி மூன்றாம், நான்காம் நிலைகளுக்கு நடுவில் வருகிறது என்பது பச்செட்டி குழுவினர் 2005இல் தெளிவுபடுத்திய முறை. கூடுதல் எக்ஸ்ரே வேண்டாம் என்பது இதன் பெரிய லாபம். குறை என்னவென்றால், ஒரே படத்தை இருவர் பார்த்தால் இரண்டு நிலை சொல்வார்கள். சில வாரம் கழித்து அதே ஆள் பார்த்தாலும் மாறும்.

இந்தப் பையனுக்கு அநேகமாக முதல் நிலையாக இருக்கும். ஓட்டம் முன்னால் இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அது வயதைக் கேட்டாலே தெரியும். இந்த முறை உண்மையில் உதவுவது பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். உயரமான பன்னிரண்டு வயதுப் பையனும் குட்டையான பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான், இன்னொருவன் கிளம்பியிருக்கவே மாட்டான். பிறந்த தேதியை வைத்து இருவருக்கும் ஒரே திட்டம் போட முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகள். தேதியோடு இருந்தால் இன்னும் நல்லது. பருவ ஓட்டத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வளர்வார்கள். ஓட்டத்தின் உச்சத்தில் அது 8 முதல் 10 வரை போகும். சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறித்துவைத்தால் வேகம் கூடும் நேரம் தெரிந்துவிடும். அதற்கு எக்ஸ்ரே வேண்டாம், செலவும் இல்லை. சீருடைப் பேன்ட் எவ்வளவு சீக்கிரம் கட்டையாகிறது, செருப்பு அளவு மாறிக்கொண்டே இருக்கிறதா என்று அம்மாக்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

இனி பியோர்க். டென்மார்க்கில் அவர் பிள்ளைகளின் தாடை எலும்பில் மிகச் சிறிய டாண்டலம் ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார். ஊசி நகராது, சுற்றியுள்ள எலும்புதான் மாறும். அப்படித்தான் தாடை வளரும்போது உள்ளுக்குள் சுழல்கிறது என்பதும், கீழ்விளிம்பில் எலும்பு கூடிக் குறைந்து அந்தச் சுழற்சியை வெளியே தெரியாமல் மறைத்துவிடுகிறது என்பதும் தெரிய வந்தது. இன்று அப்படி யார் பிள்ளைக்கும் ஊசி வைக்க முடியாது. ஆனால் அவர் காட்டிய நிலையான இடங்களை நாம் பயன்படுத்துகிறோம்: முகவாய் எலும்பின் உட்புறக் கோடு, நரம்பு செல்லும் கால்வாய், வேர் விடாத ஞானப்பல்லின் அடி. நீங்கள் மேல்பொருத்தம் செய்யும்போது தாடையின் கீழ்விளிம்பை வைத்துப் பொருத்தாதீர்கள்.

1969இல் அவர் சொன்ன ஏழு அடையாளங்கள், சராசரியிலிருந்து வெகுவாக விலகிய முகங்களில் நன்றாக வேலை செய்யும். மூட்டுத்தலை பின்னால் சாய்ந்து, கால்வாய் நேராகி, தாடைக் கோணத்துக்கு முன் கீழ்விளிம்பில் பள்ளம் விழுந்து, முகத்தின் கீழ்ப்பகுதி நீண்டிருந்தால் தாடை கீழும் பின்னுமாகப் போகும் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நடுவில் இருக்கும் பெரும்பாலோருக்கு இந்த அடையாளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. சராசரியை வைத்துச் செய்யும் எல்லாக் கணிப்புக்கும் இதே சங்கடம்தான். சராசரியாக வளரும் பிள்ளைக்குக் கணிப்பு பலிக்கும், அவனுக்கு அது தேவையில்லை. தேவைப்படுகிற பிள்ளை சராசரியில் இல்லை. ஆகவே கணிப்பதைவிட அளப்பதையே நான் நம்புகிறேன். இன்று ஒரு படம், ஓராண்டு கழித்து இன்னொன்று, இரண்டையும் மண்டையோட்டின் முன்பக்க அடித்தளத்தில் பொருத்திப் பார்த்தால் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறான் என்று அவனே காட்டிவிடுவான்.

ஈரோடு_அருவி:

நான் இதே பிரச்சினையோடு வளர்ந்து 22 வயதில் தாடை அறுவை செய்துகொண்டவன். பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் சொல்கிறேன்.

எனக்கு 14 வயதில் ஒரு கிளினிக்கில் கீழே இரண்டு பற்களை எடுத்துவிட்டு கிளிப் போட்டார்கள். கீழ் முன்பற்களைப் பின்னால் தள்ளி மேலும் கீழும் சேர்த்துவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. அப்போது நான் வகுப்பிலேயே குட்டை, குரல் கூட உடையவில்லை. இன்னும் எவ்வளவு வளர்வான் என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரி சேர்வதற்குள் நான் நெடுநெடுவென்று வளர்ந்தேன், தாடையும் சேர்ந்து வளர்ந்தது. மறுபடி கடி தலைகீழானது. ஆபரேஷனுக்கு முன் கிளிப் போட்டு அந்தக் கீழ்ப்பற்களை மறுபடி முன்னால் கொண்டுவந்து, எடுத்த பல்லின் இடத்தைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும், சாப்பாடு கடிக்கவே முடியாது. முறுக்கு, கரும்பு எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது நன்றாக இருக்கிறேன். ஆபரேஷனைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் வளர்ச்சி பாக்கி இருக்கும்போது கீழ்ப்பல்லை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மதி_பல்சீரமைப்பு:

அருவி, நீங்கள் எழுதியது பத்துப் பாடத்துக்குச் சமம். இந்த வகைப் பிள்ளைகளில் கீழ்ப்பற்கள் தாமாகவே உள்ளே சாய்ந்தும் மேற்பற்கள் வெளியே சாய்ந்தும் எலும்பின் வித்தியாசத்தை ஈடுகட்டப் பார்க்கும். பல்லை எடுத்து அந்தச் சாய்வை நாம் இன்னும் கூட்டிவிட்டு, பிறகு தாடை வளர்ந்தால், ஆபரேஷனுக்கு முன் எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். கீழ்த்தாடை வளர்ந்து முடியும் வரை அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்கும் இதே விதிதான். பெண்களுக்கு 16, 17க்குப் பிறகு, ஆண்களுக்கு 18க்கு மேல், சிலருக்கு 21 வரைகூட. வயதை மட்டும் பார்க்காமல், ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் மாற்றம் இல்லை என்று கண்டபிறகே தேதி குறிக்க வேண்டும். தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனால் அது வேறு சங்கதி. ஒரு பக்க மூட்டு மட்டும் வளர்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

சோழமண்டலத்தாய்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 12 வயது, மேல்பல் எத்திக்கொண்டு இருக்கிறது, கீழ்த்தாடை சின்னது. ஆறு மாதத்துக்கு முன் வயதுக்கு வந்தாள். இவளுக்கும் சீக்கிரம் செய்திருக்க வேண்டுமா? நேரம் போய்விட்டதா?

மதி_பல்சீரமைப்பு:

இல்லை அம்மா, உங்கள் மகள் விஷயம் நேர் எதிர். கீழ்த்தாடை சின்னதாக இருக்கும் பிள்ளைக்கு அதன் ஓட்டம் நமக்குத் துணை. கீழ்த்தாடையை முன்னால் நிறுத்திவைக்கும் ட்வின் பிளாக் போன்ற கருவியை அந்த ஓட்டத்தின்போது போடுவதுதான் நல்லது. எட்டு வயதில் ஒருமுறை, பன்னிரண்டில் ஒருமுறை என்று இரண்டு கட்டமாகச் செய்தவர்களும், பின்னால் ஒரே கட்டமாகச் செய்தவர்களும் முடிவில் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. சீக்கிரம் செய்ததில் கிடைத்த ஒரே தெளிவான நன்மை, எத்திய முன்பல் விழுந்து அடிபட்டு உடைவது குறைந்தது.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவது உச்ச வளர்ச்சி தாண்டிய பிறகு. எனவே வேகம் இறங்கத் தொடங்கியிருக்கும், ஆனால் நிற்கவில்லை. இந்த மாதமே போய்க் காட்டுங்கள். கழுத்தெலும்பு நிலை உண்மையிலேயே பயன்படும் வயது உங்கள் மகளுடையது. வாயால் மூச்சு விடுகிறாளா, தூங்கும்போது குறட்டை உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:

நீங்கள் சொன்னபடி நாக்கை மடித்துக் கடிக்கச் சொன்னேன். முன்பற்களின் நுனி இரண்டும் டக்கென்று முட்டுகிறது, அப்புறம் தாடை முன்னால் சறுக்கிப் போகிறது. என் கணவரையும் செய்யச் சொன்னேன், அவருக்கு முட்டவே இல்லை, எவ்வளவு பின்னால் இழுத்தாலும் கீழ்ப்பல் முன்னாலேயே நிற்கிறது. பையனுக்கு மூக்கின் இரு பக்கமும் கொஞ்சம் தட்டையாகவும் தெரிகிறது. முதல் டாக்டரிடமே திரும்பப் போகலாம் என்று இருக்கிறோம். என்னென்ன கேட்க வேண்டும்?

மதி_பல்சீரமைப்பு:

மகனுக்கு முட்டி, அப்பாவுக்கு முட்டவில்லை என்றால் மகனின் கோளாறு இன்றைக்கு அப்பாவின் அளவுக்கு இல்லை என்று கொள்ளலாம். நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

டாக்டரிடம் முதலில் முகத்தின் நீளத்தைப் பற்றிக் கேளுங்கள். ஃபேஸ்மாஸ்க் மேல்தாடையை முன்னால் இழுக்கும்போது கீழ்த்தாடையைக் கீழும் பின்னுமாகத் தள்ளும். கீழ்முகம் குட்டையான பிள்ளைக்கு அது நல்லது. ஏற்கெனவே நீண்ட முகம், முன்பற்கள் சேராமல் திறந்து நிற்கிறது என்றால் அதே விளைவு கெடுதல். பலர் கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள். அடுத்து, அண்ணம் குறுகலாக இருந்து அதை விரிக்கவும் வேண்டுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே செய்வார்கள். கொஞ்சம் கூடுதலாகத் திருத்துவாரா என்றும் கேளுங்கள். பின்னால் கீழ்த்தாடை ஓடும்போது அதில் ஒரு பங்கு கரையும்.

கருவியைக் கழற்றியதோடு முடியாது. பையனுக்கு 17, 18 ஆகும் வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பேன் என்று சொல்கிற டாக்டராக இருக்க வேண்டும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. உயரத்தை இன்றிலிருந்து தேதியோடு குறித்து வையுங்கள், கணவரின் பழைய பள்ளி, கல்யாணப் படங்களில் பக்கவாட்டு முகம் இருந்தால் எடுத்துப் போங்கள். முக்கியமாக, சிகிச்சைக்கு முன் எடுக்கும் செஃபலோகிராமை டிஜிட்டல் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். அளவுகோல் படத்திலேயே தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். காகிதத்தில் பிரிண்ட் எடுத்தால் அளவு மாறிவிடும், பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டரால் அதன்மேல் புதுப் படத்தைப் பொருத்த முடியாது.